கேட்காமல் எடுத்த படம்

சாரல் விழுந்துகொண்டிருந்த ஓர் ஆனி மாதக் காலையில் நாம் பழைய குற்றாலத்தில் நின்றிருந்தோம். அருவியில் கூட்டம் மிகுதி. ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் ஒருபுறமுமாக வரிசைகள் நகர்ந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்குச் சற்று விலகி, படிக்கட்டின் ஓரத்தில் ஓர் இளந்தாய் கால்களை நீட்டி அமர்ந்து, அவற்றின்மேல் தன் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். வலக்கையில் செம்பு. இடக்கையை மட்டும் குழந்தையின் நெற்றியில் அணைபோல் வைத்திருந்தாள். தண்ணீர் கண்ணுக்குள் இறங்காமல் இரு பக்கமும் வழிந்தோடியது. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் பழக்கம் அது. யாரும் எழுதிவைத்துக் கற்பித்ததன்று. அந்தக் கையின் அழகில் நாம் சற்றே மயங்கிப் போனோம். கைப்பேசியை எடுத்தோம், ஒரு படம் எடுத்தோம்.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. குழந்தையின் பாட்டியார்.

“ஐயா, என் மவளையும் பேரனையும் படம் பிடிச்சியளே, ஒரு வார்த்தை கேட்டியளா?”

“பார்க்க அவ்வளவு அழகா இருந்துதும்மா, அதனாலதான்...” என்று இழுத்தோம்.

“அழகா இருந்தா கேக்க வேண்டாமா?”

அவர் சினந்து பேசவில்லை. தெரியாத ஒன்றைக் கேட்டறிவதுபோல்தான் கேட்டார். ஆயினும் அக்கேள்வி அன்றிலிருந்து நம்மை விட்டு அகலவில்லை. அழகைக் கண்டவனுக்கு அதை எடுத்துக்கொள்ளும் உரிமை தானாக வந்துவிடுகிறதா? பிறர் இல்லத்தின் அன்பைப் பார்ப்பது எப்போது அன்பாகிறது, எப்போது களவாகிறது?

சில திங்கள் கழித்துத் தென்காசியில் ஒரு நண்பர் இல்லத்தில் ஓவிய நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, படிக்கட்டில் கண்ட அந்தத் தாய் வேறொரு நாட்டு உடையில் நம்மை எதிர்கொண்டாள். ஒரு பெண் தொட்டியருகே குனிந்து, ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு, மறு கையை நீரில் இட்டுச் சூடு பார்க்கிறாள். அவ்வளவே படம். அறையில் வேறொன்றுமில்லை. மேரி கசாட் என்னும் பெண் ஓவியர் 1890, 1891 ஆண்டுகளில் பாரிசில் உருவாக்கிய பத்து வண்ண அச்சோவியங்களுள் அது ஒன்று.

கசாட் 1844இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிரான்சில் கழித்து 1926இல் அங்கேயே இறந்தவர். திருமணம் செய்துகொள்ளாதவர். தாயையும் சேயையும் அவர் அளவுக்கு மீண்டும் மீண்டும் வரைந்தவர் அக்காலத்தில் அரிது. 1890இல் பாரிஸ் நுண்கலைப் பள்ளியில் ஜப்பானிய மர அச்சோவியங்களின் பெருங்கண்காட்சி ஒன்று நடைபெற்றது. உதமாரோ முதலிய கலைஞர்கள் தலைவாரும் பெண்ணையும் பாலூட்டும் தாயையும் சில கோடுகளிலும் சில நிறங்களிலும் காட்டியிருந்ததைக் கண்டு கசாட் வியந்தார். அதே எளிமையைச் செப்புத் தகட்டில் கொண்டுவர முனைந்தார்.

அந்த வேலையின் கடுமையைச் சிறிது சொல்ல வேண்டும். செப்புத் தகட்டின்மேல் ஊசியால் கோடுகளைக் கீறுவர். நிறம் பரவ வேண்டிய இடங்களில் குங்கிலியப் பொடியைத் தூவி, சூடாக்கித் தகட்டோடு ஒட்டச் செய்து, அமிலத்தில் இடுவர். பொடி ஒட்டிய புள்ளிகளை அமிலம் தீண்டாது. அவற்றின் இடையிலுள்ள நுண்ணிய வெளிகளை மட்டும் அரிக்கும். அக்குழிகளில் தங்கும் மை தாளில் பதியும்போது நீர்வண்ணம் தீட்டியது போன்ற மென்மை கிடைக்கும். இம்முறைக்கு அக்வாடிண்ட் என்று பெயர். கசாட் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மூன்று தகடுகளைப் பயன்படுத்தினார். நிறங்களைத் தம் கையாலேயே தகட்டில் இட்டார். ஒரே தாள் தகடுதோறும் இம்மியும் பிசகாமல் அமர வேண்டும். தாமும் அச்சாளர் லெருவாவும் ஒரு பகல் முழுவதும் ஓயாது உழைத்தால் எட்டோ பத்தோ படிகள்தாம் தேறும் என்று அவர் கடிதமொன்றில் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு படத்திலும் இருபத்தைந்து படிகள் எடுத்தபின் நிறுத்திக்கொண்டார். படியின் ஓரத்தில் தம் பெயரோடு அச்சாளரின் பெயரையும் எழுதினார். (அச்சிட்டவரின் பெயரை ஆக்கியவரின் பெயரோடு சேர்த்தெழுதும் இப்பெருந்தன்மை நம் நூல் உலகுக்கும் வந்தால் நன்று.) 1891இல் அப்பத்துப் படங்களும் பாரிசில் டூராண்-ரூயல் கூடத்தில் வைக்கப்பட்டன. பிரெஞ்சு ஓவிய அச்சாளர் சங்கம் பிறப்பால் பிரெஞ்சுக்காரரை மட்டுமே தன் கண்காட்சியில் சேர்த்ததால், கசாட்டும், மேற்கிந்தியத் தீவொன்றில் பிறந்த பிசாரோவும் அடுத்த அறையில் தனியே காட்சி வைத்தார்கள். ‘வீட்டுக்குள்’ இருப்போரை வரைந்தவரே வாசலுக்கு வெளியே நிற்க நேர்ந்தது.

இதே அக்வாடிண்ட் முறை நம் பொருநைக் கரைக்கு முன்பே வந்ததுண்டு. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர்கள் 1792இல் தென்னாட்டில் பயணம் செய்து, பாபநாசம் அருவியை வரைந்து சென்று, இலண்டனில் அச்சோவியமாக வெளியிட்டனர். அழகிய படம். ஆனால் அது தொலைவிலிருந்து பார்த்த வழிப்போக்கரின் படம். எந்த வீட்டின் கதவையும் அவர்கள் தட்டவில்லை. ஆகவே நம் பாட்டியாரின் கேள்வி அவர்களுக்கு எழவில்லை. கதவைத் தாண்டி உள்ளே செல்லும் கலைஞனுக்கே அது எழும்.

கசாட் உள்ளே சென்றார். மடலுறையை நாவால் ஈரப்படுத்தி ஒட்டும் பெண், விளக்கருகே அமர்ந்திருப்பவள், தையற்காரி மண்டியிட்டு ஆடை அளவு பார்க்க நிற்பவள், குழந்தையைக் கன்னத்தோடு கன்னம் அழுத்திக்கொள்பவள் ஆகியோரெல்லாம் அப்பத்துப் படங்களில் இருக்கின்றனர். ஒன்றில் ஒரு பெண் இடுப்புக்கு மேல் ஆடையின்றிக் கிண்ணத்து நீரில் குனிந்து தன்னைக் கழுவிக்கொள்கிறாள். முதுகுதான் நம் பக்கம். பார்ப்பவர் கூசுவதற்கு அங்கே ஒன்றுமில்லை என்பதே வியப்பு. இத்தனைக்கும் கசாட்டின் நெருங்கிய நண்பரும் பேரோவியருமான எட்கர் டெகாவும் குளிக்கும் பெண்களைத் தொடர்ந்து வரைந்தார். தம் படங்கள் சாவித் துவாரத்தின் வழியே பார்ப்பது போன்றவை என்று அவரே கூறியதாக அக்காலத்தவர் எழுதிவைத்துள்ளனர். டெகாவின் திறமையைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. கோட்டின் வலிமையில் அவருக்கு நிகரானவர் சிலரே. ஆயினும் சாவித் துவாரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் அந்தப் படிக்கட்டில் மீண்டும் போய் நிற்கிறோம். நம் கையிலிருந்ததும் ஒரு சிறிய துவாரந்தானே.

வேறுபாடு எங்கே இருக்கிறது? ஒரு பகலின் உழைப்புக்கு எட்டுப் படிகள் என்ற மெதுவில் இருக்கிறது என்று முதலில் எண்ணினோம். நமக்கு ஒரு நொடி, கசாட்டுக்கு மாதக்கணக்கு. உழைத்துப் பெற்றதைக் களவு என்பாருண்டா? ஆனால் இவ்விடை நிற்கவில்லை. மெதுவாகத் திருடினாலும் திருட்டுத் திருட்டே. டெகாவும் உழைக்காதவர் அல்லர்.

உண்மை வேறிடத்தில் இருந்தது. கசாட்டின் படங்களில் இருப்போர் தமக்கு முன்னால் ஓவியர் இருப்பதை அறிந்தே அமர்ந்தவர்கள். சில வேளைகளில் கூலி பெற்று அமர்ந்தவர்கள். அந்தத் தாயும் அந்தக் குழந்தையும் உண்மையில் தாயும் சேயுமாக இருந்திருக்க வேண்டுமென்பதுகூட இல்லை. அப்படியானால் இந்த நெருக்கம் நடிப்பா என்று வாசகர் கேட்கலாம். நடிப்பு என்ற சொல்லை நாம் இழிவாகக் கொள்ள வேண்டியதில்லை. தான் பார்க்கப்படுவதை அறிந்த ஒருத்தி, தன் அன்றாட வாழ்வின் ஓர் அசைவை எடுத்து, ‘இதோ, இது இப்படித்தான் இருக்கும்’ என்று நமக்குத் தருகிறாள். அவள் தந்ததைத்தான் ஓவியர் பெற்றுக்கொள்கிறார். பறித்துக்கொண்டது ஒன்றுமில்லை.

இது நம் மொழிக்குப் புதிதன்று. குற்றாலத்தைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர், தென்காசியை ஒட்டிய மேலகரத்தைச் சேர்ந்தவர். அவருடைய குறவஞ்சியில் நம் நெஞ்சில் நிற்பது வசந்தவல்லியின் காதல் ஏக்கம் மட்டுமன்று. பிரிந்துபோன சிங்கியைத் தேடிக் கண்டுபிடித்த சிங்கன், அவள் மேனியில் புதிதாகக் காணும் நகை ஒவ்வொன்றையும் சுட்டி ‘இது என்ன, இது எப்படி வந்தது’ என்று கேட்க, அவள் சளைக்காமல் மறுமொழி சொல்லும் அந்தக் கணவன் மனைவிப் பேச்சும் அல்லவா? ஐயம், ஊடல், நகை, அன்பு என எல்லாம் கலந்த, நான்கு சுவருக்குள் நடக்க வேண்டிய பேச்சு. கவிராயர் அதைக் கோவில் முன்றிலில் ஊரார் நடுவே நிறுத்தினார். ஒருவருக்கும் கூச்சமில்லை. ஏனெனில் சிங்கனும் சிங்கியும் நம்மை நோக்கியே பேசுகிறார்கள், நாம் ஒட்டுக்கேட்கவில்லை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், நம் முன்னோர் இதற்கொரு சட்டமே வகுத்திருந்தது புலப்படும். அகத்திணைப் பாடலில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிக் கூறலாகாது என்கிறது தொல்காப்பியம். உள்ளத்தின் மறைவான துடிப்பு முழுவதையும் பாடலாம். யாருடையது என்று மட்டும் சொல்லலாகாது. சொன்னால் அது புறமாகிவிடும். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையை நினைவுகூர்வோம். வாடை வீசும் இரவு. யவனர் செய்த பாவை விளக்கு எரிகிறது. தந்தத்தால் செய்த கட்டிலில் அரசி அமர்ந்திருக்கிறாள். தோழியர் அடிவருடி ஆற்றுகின்றனர். அவள் கண்ணீர் ஓயவில்லை. கணவன் பாசறையில் இருக்கிறான். விளக்கு, கட்டில், தனித்த பெண் என்னும் இவற்றோடு கசாட்டின் செப்புத் தகட்டுக்கும் நக்கீரரின் ஓலைக்கும் இடையே எத்தனை நூற்றாண்டுகள்! நக்கீரர் எவர் பெயரையும் சொல்லவில்லை. ஆயினும் பாசறைக் காட்சியில் வேலின் தலையில் கட்டிய வேம்பு ஒன்று வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஓர் அடையாளம் போதும், தலைவன் இன்னான் என்று தெரிந்துவிடுகிறது. ஆகவே இது அகமாகாது, புறமே என்று நச்சினார்க்கினியர் தீர்ப்பளித்தார். மாணவராக இருந்த காலத்தில் இது உரையாசிரியரின் வீண் நுணுக்கம் என்று நாம் நகைத்ததுண்டு. படிக்கட்டில் அந்தப் பாட்டியாரைச் சந்தித்தபின் நகைக்கத் தோன்றவில்லை. பெயரைச் சொல்லாமலே பெயரைச் சொல்லிவிடும் அடையாளங்கள் உண்டு என்பதை அவ்வுரையாசிரியர் அறிந்திருந்தார். நாம் எடுத்த படத்தில் அத்தாயின் முகமே வேம்பு.

கசாட்டின் காலத்தவரான நம் நாட்டு ஓவியர் ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் வருவது பழைய திருவிதாங்கூர் நாடு. செங்கோட்டையே 1956 வரை அதனோடுதான் இருந்தது. அந்நாட்டுக் கிளிமானூரில் 1848இல் பிறந்த ரவி வர்மா, 1893இல் ‘இதோ அப்பா வருகிறார்’ என்னும் பொருள்படும் பெயரில் ஓர் ஓவியம் தீட்டினார். இளந்தாய் ஒருத்தி குழந்தையை இடுப்பில் ஏந்தி, வருகின்றவரைச் சுட்டிக் காட்டுகிறாள். அத்தாய் ஓவியரின் சொந்த மகள். அதே 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு ரவி வர்மாவின் பத்து ஓவியங்கள் சென்றன. இப்படமும் அவற்றுள் ஒன்று. அக்கண்காட்சியில் மகளிர் மாளிகையின் சுவருக்காக ‘இக்காலப் பெண்’ என்ற பேரோவியத்தைத் தீட்டியவர் மேரி கசாட்! அது பின்னர் காணாமற் போய்விட்டது. சிகாகோ என்றவுடன் விவேகானந்தரை நினைக்கும் நாம், அதே ஆண்டில் அதே இடத்தில் இரு நாட்டுப் பெண்களின் படங்கள் ஒன்றையொன்று அறியாமல் இருந்ததை எண்ணிப் பார்ப்பதில்லை. மறு ஆண்டு ரவி வர்மா பம்பாயில் அச்சகம் நிறுவினார். கல்லில் அச்சிட்ட அவருடைய வண்ணப் படங்கள் நாடெங்கும் சுவரேறின. ஆனால் சுவரேறியவர்கள் பெரும்பாலும் திருமகளும் கலைமகளுமே. இல்லத்துப் பெண்ணின் முகம் தெய்வ வடிவில்தான் பிற இல்லங்களுக்குள் நுழைய முடிந்தது.

அந்த மகளிடம் தந்தை கேட்டாரா? தந்தை கேட்க வேண்டுமா? இக்கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. ஆனால் இது ஓவியரின் வீட்டுக் கேள்வியாக மட்டும் இன்று இல்லை. பிறந்த குழந்தையின் முதல் குளியல், காய்ச்சலில் சுருண்டு கிடக்கும் பிள்ளை, புதுநன்மை வாங்கும் நாளில் அழுத முகம் என எல்லாவற்றையும் பெற்றோர் படமெடுத்து அரைமணி நேரத்துக்குள் நூறு பேருக்கு அனுப்புகின்றனர். அன்பினால்தான் செய்கின்றனர். நாமும் அன்பினால்தான் படிக்கட்டில் கைப்பேசியை உயர்த்தினோம். பதினைந்து வயதில் அப்பிள்ளை, ‘அழகா இருந்தா கேக்க வேண்டாமா’ என்று கேட்டால் என்ன சொல்வது?

நம் இல்லங்களின் முன்னறையில் இன்றும் தொங்கும் திருக்குடும்பப் படத்தையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்த்தோம். பிரான்சிலிருந்து வந்த சேசு சபைத் தந்தையர் 1838இல் மதுரை மறைப்பணியை மீண்டும் தொடங்கினர். பாரிசில் தூய சுல்பீசியுஸ் ஆலயத்தைச் சுற்றியிருந்த கடைகள் அந்நூற்றாண்டில் உலகெங்கும் இத்தகைய அச்சுப் படங்களை அனுப்பின. சூசையப்பர் இழைப்புளியோடு நிற்கிறார். அன்னை நூல் நூற்கிறார். சிறுவர் இயேசு மரத்துண்டொன்றை ஏந்தியிருக்கிறார். நாம் அன்போடு வணங்கும் படம். ஆனால் இவற்றை எந்த நற்செய்தியாளரும் எழுதவில்லை. பன்னிரண்டு வயதில் எருசலேம் கோவிலில் காணாமற் போய்க் கிடைத்த ஒரு நிகழ்ச்சியைக் கூறிய லூக்கா, பின்பு ஏறக்குறைய முப்பது வயதுவரை நாசரேத்து வீட்டின் கதவைச் சாத்திவிடுகிறார். அன்னை மரியா அனைத்தையும் தம் உள்ளத்தில் இருத்திக்கொண்டார் என்பதோடு சரி. மானிட வரலாற்றிலேயே நாம் மிகவும் பார்க்க விரும்பும் வீடு அது. அதற்குச் சாவித் துவாரம் இல்லை. அப்படத்தை வரைந்தவன் பார்த்து வரையவில்லை. தன் வீட்டையும் தன் தாயையும் நினைத்துத்தான் வரைந்திருப்பான்.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் மறைக்கலாகாது. நம் பாட்டனார் ஒருவரின் முகம் எப்படி இருந்தது என்று நம் குடும்பத்தில் இன்று யாருக்கும் தெரியாது. படமில்லை. படமெடுத்துக்கொள்ளும் வசதி இருந்த வீடுகளின் முகங்கள் மட்டுமே எஞ்சின. ஏழைகளைப் படமெடுக்க ஒருவரும் வராத காலமும் ஒரு கொடுமையே. ஆகவே எடுக்காமலே இருப்பதுதான் மரியாதை என்று நம்மால் சொல்ல முடியவில்லை. ‘கேட்டு எடு’ என்பது எளிய சட்டமாகத் தோன்றும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதை அன்றே அந்தப் பாட்டியார் நமக்குக் காட்டிவிட்டார்.

படத்தை அவர் கண்முன் அழித்தோம். மன்னிப்பும் கேட்டோம். “சரி, போவுது” என்றார். குளித்து முடித்து, பழக்கடைகளைத் தாண்டி வண்டி நிற்கும் இடத்துக்கு வந்தபோது மீண்டும் அதே குரல்.

“ஐயா, கோவிச்சுக்கிட்டியளா? இப்ப எடுங்க.”

குடும்பமே வரிசையாக நின்றது. இளந்தாய் உலர்ந்த சேலைக்கு மாறியிருந்தாள், தலையில் பூ. குழந்தை பாட்டியாரின் கையில், முகம் நிறையப் பவுடரும் கன்னத்தில் மைப்பொட்டுமாக இருந்தது. மருமகன் எல்லாரையும் நிமிர்ந்து நிற்கச் சொன்னார். எடுத்தோம். அவருடைய எண்ணைக் கேட்டு அங்கேயே அனுப்பியும் வைத்தோம். பாட்டியார் கைப்பேசியை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்றார். ஒருவர் முகமும் அசையவில்லை. தாயின் இரு கைகளும் பக்கவாட்டில் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தன.